வெட்டும் முன் ஒரு போத்து

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சாலைக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் மரம் வெட்டுவது இனி நிற்கப் போவதில்லை. பெங்களூரைச் சுற்றி வரும் புறவட்டச் சாலை ஓசூர் பக்கமும் வருகிறது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, 2,000 ஏக்கரில் விமான நிலையம், அதற்கும் சாலை வேண்டும். குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் பெருகிவிட்டன. நம் பிள்ளைகள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். எதுவுமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். ஆல், அத்தி, இச்சி வகை மரம் ஒன்றை வெட்ட அனுமதி கொடுக்கும்போது, வெட்டும் முன் அதே மரத்திலிருந்து போத்து எடுத்து வேறிடத்தில் ஊன்ற வேண்டும் என்று அந்த அனுமதியிலேயே எழுத வேண்டும். ஏன், எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் போத்து என்றால் என்ன? முற்றிய கிளையை வெட்டி அப்படியே மண்ணில் ஊன்றுவது. கிளுவை வேலி போட்டவர்களுக்கும் வீட்டுக் கொல்லையில் முருங்கை, பூவரசு வைத்தவர்களுக்கும் இது தெரியும். விதை வேண்டாம், நர்சரிப் பை வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் தழைவழி இனப்பெருக்கம் என்று நடத்தினேன். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு எல்லோரும் மறந்துவிட்டீர்கள்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விதையிலிருந்து வருவது அந்த மரத்தின் பிள்ளை. போத்திலிருந்து வருவது அந்த மரமேதான். நூறு வருடம் நம் மண்ணையும் வெயிலையும் தாங்கி நின்ற அதே உயிர், இடம் மாறித் தொடர்கிறது. வேம்பையும் புளியையும் வெட்டிவிட்டு இப்படி எளிதாகக் காப்பாற்ற முடியாது. ஆலுக்கும் இச்சிக்கும் முடியும். கை கனத்துக்கு ஒரு கொம்பு போதும். அத்தியும் பார்த்துச் செய்தால் பிடிக்கும். அரசு மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயர்க் குறிப்பு. நமக்கு ஆல், கன்னடத்தில் ஆலத மரம், தெலுங்கில் மர்ரி. நமக்கு அத்தி, கன்னடத்திலும் அத்தி, தெலுங்கில் மேடி. நமக்கு அரசு, கன்னடத்தில் அரளி, தெலுங்கில் ராவி. தமிழில் அரளி என்றால் விஷச்செடி என்பதால், ஆனேக்கல் பக்கத்திலிருந்து வரும் நண்பர் "அரளி மரத்தடியில் உட்காரலாம்" என்று கூப்பிட்டால் பயந்துவிடாதீர்கள்!

சரி, இந்த மரங்களுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

"அத்தி பூத்தாற்போல்" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பதற்கு உள்ளேதான் நூற்றுக்கணக்கில் பூ இருக்கிறது. காயின் நுனித் துளை வழியாக ஒரு மிகச் சிறிய குளவி உள்ளே போய்த்தான் மகரந்தம் சேர்க்கிறது. ஆலுக்கு ஒரு குளவி, அத்திக்கு வேறொரு குளவி என்று பெரும்பாலும் தனித்தனி ஜோடி. அந்தக் குளவியின் வாழ்நாள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் சரியான பருவத்தில் காய் இருக்கும் இன்னொரு மரத்தை அது அடைந்தாக வேண்டும். அதனால்தான் இந்த மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்க்காமல் ஆளுக்கொரு மாதம் காய்க்கின்றன. வேறு பழமே இல்லாத மாதத்தில்கூட எங்காவது ஓர் ஆலோ அத்தியோ பழுத்து நிற்கும். குக்குறுவான், மைனா, குயில், பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால் எல்லாம் பஞ்ச மாதத்தைத் தாண்டுவது அதை நம்பித்தான்.

ஒரு சாலையில் இருபது ஆலமரத்தை வெட்டினால் நிழல் மட்டும் போவதில்லை என்பது இதிலிருந்து புரியும். மரத்துக்கு மரம் தூரம் கூடும்போது குளவிக்கும் பறவைக்கும் வழி அறுந்துகொண்டே போகிறது.

இதற்கு ஈடாக நாம் என்ன செய்கிறோம்? ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்ன கன்று? சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, விலை மலிவு என்று பார்த்து வாங்குகிறார்கள். அப்படித்தான் கோனோகார்பஸ் ஊர் ஊராகப் பரவியது. 2023-ல் குஜராத் அதற்குத் தடை போட்டது. தமிழக அரசும் தடை விதித்திருக்கிறது. நம் பகுதியில் ஒரு சாலை வேலை முடிந்தபின் நட்ட கன்றுகளை, மறு வருடம் நடைப்பயிற்சியின்போது எண்ணிக்கொண்டே போனேன். கூண்டு இருந்தது, பலகை இருந்தது, பாதிக் கூண்டுகளில் கன்று இல்லை. யாரையும் குறை சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. கணக்கு நட்ட அன்றோடு முடிந்துவிடுகிறது, அதுதான் கோளாறு.

கிளையை எடுத்துப் போய் மரத்தைத் தொடர வைப்பது புதிய யோசனையும் இல்லை. அசோகர் சாலையோரம் மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரங்கள் நடச் செய்ததாக டெல்லியில் இருக்கும் தூண் கல்வெட்டு சொல்கிறது. அவர் மகள் சங்கமித்தை, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயை அரச மரத்தின் தென்புறக் கிளை ஒன்றைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுபோனார் என்கிறது மகாவம்சம். யாழ்ப்பாணத்து மாதகல் பக்கம், சம்பில்துறை என்று இன்று சொல்லப்படும் துறையில் இறங்கியதாக மரபு. அநுராதபுரத்தில் ஊன்றிய அந்த மரம் இன்றும் நிற்கிறது. மனிதர் நட்டு, நட்ட காலமும் எழுதிவைக்கப்பட்ட மரங்களில் உலகிலேயே மூத்தது அதுதான். புத்தகயையில் நின்ற மரம் 1876-ல் சாய்ந்துவிட்டது. பயணத்தில் எடுத்துப் போன ஒரு கிளை, பல நூற்றாண்டுப் போரையும் புயலையும் தாண்டி நிற்கிறது. சாய்ந்தபின் அழுவதைவிட, நிற்கும்போதே ஒரு கிளையை வேறிடத்துக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூருக்கு அந்தப் பக்கம் மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்று ஓர் ஊர். அங்கே இருந்தவர்தான் சாலுமரத திம்மக்கா. பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை செய்தவர். குழந்தை இல்லை. கணவர் சிக்கய்யாவும் அவரும் ஊரில் இருந்த ஆலமரங்களிலிருந்தே கன்று உண்டாக்கி, குதூர் போகும் சாலையோரம் நட்டார்கள். முதல் வருடம் எத்தனை தெரியுமா? 10. அடுத்த வருடம் 15. அதற்கடுத்த வருடம் 20. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் கட்டினார்கள். கடைசியில் 385 ஆலமரம். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வருடம் பாகேபள்ளி–ஹலகூர் சாலை விரிவாக்கம் அந்த மரங்களுக்கே ஆபத்தாக வந்தபோது, அன்றைய முதல்வர் குமாரசாமியிடம் போய்க் கேட்டார். மாற்று வழி பார்க்க அரசு ஒப்புக்கொண்டது. 2025 நவம்பரில் மறைந்தார். வயது 114 என்று சொன்னார்கள்.

ஓசூர் பக்கம் வரும் அதே புறவட்டச் சாலை மாகடியையும் தொடுகிறது. ஒரே சாலையின் இரு பக்கம். அங்கே ஓர் அம்மா வருடத்துக்குப் பத்து என்று தொடங்கினார். ஒரே நாளில் பத்தாயிரம் கன்று என்று விழா எடுக்கிற நமக்கு அந்த 10, 15, 20 என்ற கணக்கில்தான் பாடம் இருக்கிறது. காப்பாற்ற முடிந்த அளவுக்கு மட்டும் நட்டார்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ராயக்கோட்டையிலிருந்து பேருந்தில் வரும்போது, சாலையோரம் ஒரு நாட்டு அத்தியை வெட்டிக் கிடத்தியிருந்தார்கள். இறங்கி, வேலை செய்தவர்களிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போங்க சார், விறகுக்குத்தானே போவுது" என்று அவர்களே மூன்று கொம்பு வெட்டிக் கொடுத்தார்கள். அடுத்த பேருந்தில் ஏற்றும்போது கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார், லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார்! மூன்றில் இரண்டு பிடித்தது. ஒன்று ஓர் அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரம், ஒன்று ஏரிக்குப் போகும் புறம்போக்கில் ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு. ஐந்தாம் வருடம் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வெட்டுப்பட்ட இடத்தில் இப்போது தார்ச்சாலை. அந்த அத்தி மட்டும் சாகவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் செய்முறை:

1. நோயில்லாத, முற்றிய கிளையாக இருக்கட்டும். மணிக்கட்டு கனம், ஐந்தாறு அடி நீளம். உச்சியிலுள்ள பச்சைக் குச்சி வேண்டாம்.

2. அடி வெட்டு சாய்வாக, கூர்மையான கத்தியால். பால் வடியும். ஓரிரு நாள் நிழலில் வைத்துப் பால் உலர்ந்தபின் ஊன்றுங்கள். மேல் நுனியில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினால் காய்ந்து போகாது.

3. எது அடி, எது நுனி என்று வெட்டும்போதே அடையாளம் வையுங்கள். தலைகீழாக ஊன்றினால் பிடிக்காது.

4. குழி இரண்டு அடி. தண்ணீர் தேங்கக் கூடாது. ஊன்றியபின் மண்ணை நன்றாக மிதித்து இறுக்குங்கள். போத்து ஆடினால் புது வேர் அறுந்துவிடும்.

5. நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வைகாசி மழையோடு ஊன்றினால் ஐப்பசி வரை ஈரம் கிடைக்கும்.

6. மூன்றாவது வாரம் துளிர் வந்துவிட்டதே என்று தண்ணீரை நிறுத்தாதீர்கள். முதல் துளிர், கிளையில் ஏற்கெனவே இருந்த சத்தில் வருவது. வேர் பிறகுதான் வரும். இரண்டு கோடை தாண்டினால்தான் பிடித்தது என்று அர்த்தம்.

7. சுற்றி முள் அவசியம். ஆலந்தழையும் அத்தித்தழையும் ஆட்டுக்கு அல்வா மாதிரி.

அரசுக்கு வேறு வழி என்றேன் அல்லவா? பழைய கட்டடச் சுவரிலும் பாலத்து இடுக்கிலும் பறவை எச்சத்தில் முளைத்து நிற்கும் கன்றுகளைப் பாருங்கள். எப்படியும் பிடுங்கி எறியத்தான் போகிறார்கள். மழை நாளில் வேர் அறாமல் எடுத்து ஒரு பையில் வையுங்கள். அதுவே அரசங்கன்று.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பயணம் போகும் இடத்தில் கண்ட மரத்தில் எல்லாம் கை வைக்காதீர்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் காடு 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே அனுமதி இல்லாமல் ஒரு கொம்பு ஒடித்தாலும் குற்றம்தான். காட்டு மரம் காட்டிலேயே இருக்கட்டும். ஊருக்குள், சாலையோரத்தில், உரியவரிடம் கேட்டு எடுங்கள். வெட்டிக் கிடக்கும் மரம் என்றால் இன்னும் நல்லது, யாருக்கும் நட்டமில்லை.

இனி எதிர்க்கேள்விகள். நானே எழுதிவிடுகிறேன், பின்னூட்டத்தில் உங்களுக்கு வேலை மிச்சம்.

"ஆலமர வேர் சுவரைப் பிளக்கும், குழாயை உடைக்கும்." உண்மை. அதனால் வீட்டு மனையில் வைக்கச் சொல்லவில்லை. பள்ளி மைதானத்தின் கோடி, மந்தைவெளி, கோயில் நிலம், தொழிற்பேட்டையின் எல்லையோரம், சாலை இனி விரிய முடியாத தூரத்துப் புறம்போக்கு, இவைதான் இடம். தளி, சானமாவு போல யானை வந்துபோகும் ஊர்களில் வீட்டையும் வயலையும் ஒட்டி வைக்கவே கூடாது. ஆலும் அத்தியும் யானைக்குப் பிடித்த தீனி.

"போத்து மரத்துக்கு ஆணிவேர் இல்லை, காற்றில் சாயும்." கேட்க வேண்டிய கேள்விதான். தொடக்கத்தில் அந்த ஆபத்து உண்டு. ஆழமாக ஊன்றி, சில வருடம் கிளை கழித்துத் தலைக்கனத்தைக் குறைத்தால் தாங்கும். ஆலுக்கு விழுது இறங்கிவிட்டால் கவலையில்லை. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. கொல்கத்தா தாவரவியல் பூங்கா ஆலமரத்தின் நடுமரத்தை, பூஞ்சை நோயால் 1925-ல் அகற்றினார்கள். இரண்டும் விழுதுகளால் இன்றும் வாழ்கின்றன.

"எல்லாம் ஒரே மரத்தின் நகல் ஆகிவிடாதா?" ஆகும், ஒரே மரத்திலிருந்து நூறு போத்து எடுத்தால். நான் கேட்பது, வெட்டப்படும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் சில. அப்போது இருபது மரத்தின் குணமும் தப்பிக்கும். விதைக் கன்றும் கூடவே நடட்டும், யார் வேண்டாம் என்றது?

"மரத்தை வேரோடு பெயர்த்து நடலாமே?" சில இடத்தில் செய்கிறார்கள். இயந்திரம், லாரி, பெருஞ்செலவு, அதன்பிறகும் பிழைக்குமா என்பது சந்தேகம். எல்லா மரத்துக்கும் அது நடக்காது. போத்துக்கு ஓர் அரிவாளும் இரண்டு ஆளும் போதும். அதற்காக வெட்டாமல் விட முடிகிற மரத்தையும் வெட்டலாம் என்று யாரும் இதைச் சாக்காக எடுக்கக் கூடாது. ஐதராபாத்–பீஜப்பூர் சாலையில் செவெல்லா பகுதி ஆலமரங்களுக்காக மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். முதலில் அப்படித்தான் கேட்க வேண்டும், மரத்தைவிட்டுச் சாலையை நகர்த்த முடியுமா என்று. போத்து கடைசி வழி.

இப்போது கோரிக்கை. அரசு நிலத்தில் மரம் வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-லிருந்து நடக்கிறது, மாநிலத்தின் மரப்பரப்பை 33 சதவீதமாக்குவது அதன் குறிக்கோள். ஆக, அமைப்பு இருக்கிறது. நான் கேட்பது மூன்று வரிதான்.

ஒன்று, வெட்ட வேண்டிய மரப் பட்டியலில் ஆல், அத்தி, இச்சி, அரசு வகைகளைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இரண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஐந்து போத்து எடுத்து, அந்தந்த ஊராட்சி காட்டும் இடத்தில் மழைப் பருவத்தில் ஊன்றிய பிறகே அந்த மரத்தை வெட்ட வேண்டும். போத்து பிடிக்காத மரத்துக்கு ஐந்து கன்று.

மூன்று, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் கூலியை வேலைக்கான மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கணக்கு நட்ட அன்று எடுக்காமல், மூன்றாம் வருடம் உயிரோடு நிற்பதை எண்ணி எடுக்க வேண்டும்.

நூறு கோடிச் சாலையில் இது சுண்டைக்காய்ச் செலவு.

தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வளாகத்துப் பசுமை வளையத்தில் வெளிநாட்டு அலங்காரச் செடிக்கு நடுவே, வெட்டுப்பட்ட ஊர் மரம் ஒன்றின் போத்துக்கு ஓர் ஓரம் கொடுங்கள். பழம் விழும், பறவை எச்சமிடும், துப்புரவுப் பணியாளருக்கு வேலை கூடும் என்று உங்கள் நிர்வாகம் சொல்லும். வண்டி நிறுத்தும் இடத்தைவிட்டுத் தள்ளி வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். வகுப்பில் என்னிடம் எத்தனையோ எதிர்வாதம் செய்தவர்கள்தானே நீங்கள்!

அடுத்த கிராம சபையில் இந்த மூன்று வரியைத் தீர்மானமாக வைக்க நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊராட்சியிலும் வைக்க விரும்பினால் வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம். உங்கள் ஊர்ச் சாலையோரம் வெட்டுக் குறி போட்ட ஆலோ அத்தியோ இச்சியோ இருந்தால், இடத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. யார் யாருக்கு எந்த மரம் என்று அதற்குள் பேசி முடித்துவிடலாம்.